பெங்களூரு ஏரிகளுக்குச் சாட்சி சொல்லும் பறவைக் குறிப்பேடுகள்

பெங்களூரு: பிப்ரவரி முடிந்து மார்ச் பிறக்கும்போது பெங்களூரின் சாலையோர மரங்கள் இலை உதிர்த்துப் பூக்களால் நிறைகின்றன. அந்த மாதங்களின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில், லால்பாக் தாவரவியல் பூங்காவின் நூற்றாண்டு கடந்த கண்ணாடி மாளிகை அருகே ஒரு சிறு கூட்டம் கூடுகிறது. கழுத்தில் பைனாகுலர், கையில் குறிப்பேடு. கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்ற அலுவலர்கள், மென்பொருள் நிறுவன ஊழியர்கள், பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் எனப் பல தரப்பினரும் அதில் இருப்பர். மெதுவாக நடந்து, பறவைகளைப் பார்த்து, விவரம் தெரிந்தவர்களிடம் பெயரைக் கேட்டு, குறித்துக்கொண்டு கலைந்து செல்கின்றனர்.

பார்ப்பவர்களுக்கு இது விடுமுறை நாள் பொழுதுபோக்காகவே தோன்றும். ஆனால், அரை நூற்றாண்டைக் கடந்துவிட்ட இந்த நடையிலும், அதையொட்டி நகரின் ஏரிக்கரைகளில் நடைபெறும் நடைகளிலும் சேர்ந்த குறிப்புகள் இன்று வேறொரு மதிப்பைப் பெற்றுள்ளன. ஓர் ஏரி "மேம்படுத்தப்பட்டது" என்று அரசு அறிவிக்கும்போது, அது யாருக்காக மேம்படுத்தப்பட்டது என்று கேட்பதற்குப் பொதுமக்களிடம் உள்ள சில ஆதாரங்களுள் இக்குறிப்புகளும் ஒன்று.

1972-இல் தொடங்கிய நடை

பெங்களூரு பறவை நோக்குவோர் களக் கழகத்தின் லால்பாக் நடை 1972-இல் தொடங்கியது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய காலத்திலேயே அந்த வளாகத்தின் பறவைகளைப் பட்டியலிட்ட விஞ்ஞானி ஜோசப் ஜார்ஜ், பெங்களூருக்கு வந்த பின் இந்த அமைப்பு உருவாக முக்கியக் காரணமாக இருந்தார். 1959-இல் பறவை நோக்குவோருக்கென்றே ஒரு செய்தி மடலைத் தொடங்கிய ஜாபர் பதேஅலியும் பிற்காலத்தில் இந்நகரில் குடியேறினார். கழக உறுப்பினர்களின் குறிப்புகளைத் திரட்டி, ஜோசப் ஜார்ஜைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, பெங்களூருப் பறவைகளின் விளக்கப் பட்டியல் 1994-இல் நூலாக வெளியானது.

இந்த வட்டாரத்தில் பறவைகளைக் கணக்கெடுப்பது அதற்கு முன்பே தொடங்கிய பணி. அன்றைய மைசூர் சமஸ்தானத்தின் பறவைகளை சாலிம் அலி 1939-40-இல் களஆய்வு செய்து எழுதியுள்ளார். எனினும், அது ஓர் அறிஞர் குறுகிய காலத்தில் நடத்திய ஆய்வு. சாதாரண மக்கள் மாதந்தோறும் ஒரே இடத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து எழுதி வருவது வேறு வகைப்பட்டது. அதன் சிறப்பு தொடர்ச்சியில் இருக்கிறது.

இந்தத் தொடர்ச்சியின் அருமையை மற்றொரு கணக்கோடு ஒப்பிட்டால் உணரலாம். இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பெங்களூரின் வளர்ச்சியை மதிப்பிட்டபோது, 1973-ஐத் தொடக்க ஆண்டாகக் கொண்டனர். 1973-க்கும் 2016-க்கும் இடையே நகரின் கட்டடப் பரப்பு 1,005 சதவீதம் பெருகியதாகவும், தாவரப் பரப்பு 88 சதவீதமும் நீர்நிலைப் பரப்பு 79 சதவீதமும் குறைந்ததாகவும் அவர்கள் கண்டனர். வானிலிருந்து எடுத்த படங்கள் இழந்த நிலத்தின் அளவைச் சொல்கின்றன. அந்த நிலத்தில் எவை வாழ்ந்தன என்பதைச் சொல்வதற்குத் தரையில் நடந்தவர்களின் குறிப்புகள் தேவைப்படுகின்றன.

இளவேனில் காலம் ஏன் முக்கியம்?

குளிர்காலத்தில் வந்து தங்கிய வலசைப் பறவைகள் புறப்படுவதும், உள்ளூர்ப் பறவைகள் இனப்பெருக்கத்துக்குத் தயாராவதும் ஒரே நேரத்தில் நிகழும் பருவம் இளவேனில். அதனால்தான் பறவை நோக்குவோர் இம்மாதங்களைத் தவறவிடுவதில்லை. மார்ச் மாதத்து லால்பாக்கில் குக்குறுவான்களின் இடைவிடாத குரல் மரந்தோறும் ஒலிக்கும். குயில் கூவத் தொடங்கிவிடும். கல்யாண முருங்கையும் இலவமும் பூத்த கிளைகளில் தேன்சிட்டுகளோடு சோளக்குருவிக் கூட்டங்களும் மொய்க்கும். இந்தச் சோளக்குருவிகள் ஏப்ரலில் புறப்பட்டு மத்திய ஆசியப் புல்வெளிகளுக்குச் சென்று, அங்கு வெட்டுக்கிளிகளை உண்டு குஞ்சு பொரிப்பவை. பூங்காவின் மரக்கிளைகளில் குளிர்காலம் முழுவதும் பூச்சி தேடிய சிறு கதிர்க்குருவிகளும், நீரோரம் நடமாடிய வாலாட்டிகளும் வடக்கு நோக்கித் திரும்பும் நாள்களும் இவையே.

தமிழகத்தில் ஆறுமணிக் குருவி என்று அழைக்கப்படும் பறவையும் இந்த நகரத்தின் வழிப்போக்கன். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் இது, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிறது. போகும்போதும் வரும்போதும் பெங்களூரின் மரச்செறிவுகளில் சில நாள் தங்கிச் செல்கிறது. நகரத்தின் நடுவே உள்ள ஒரு தோப்பு, அங்கு வசிக்கும் பறவைகளுக்கு மட்டுமன்றி, நெடுந்தொலைவு பறக்கும் பறவைகளுக்கும் சத்திரமாக விளங்குகிறது. அந்தத் தோப்பின் ஒரு பகுதி இல்லாமல் போனால், அதன் விளைவு நகர எல்லையோடு முடிந்துவிடுவதில்லை.

எந்தப் பறவை எந்த வாரம் வந்தது, எந்த வாரம் போனது என்பதை ஆண்டுதோறும் எழுதி வைத்தால் மட்டுமே பருவத்தில் ஏற்படும் மாற்றத்தை அறிய முடியும். ஓர் ஆண்டு நடை செய்தியாக இருக்கலாம்; ஐம்பது ஆண்டு நடைதான் சான்றாகிறது.

கழுகுகள் கற்பித்த பாடம்

இத்தகைய குறிப்புகளை உரிய காலத்தில் கவனிக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு, நாட்டின் பிணந்தின்னிக் கழுகுகளின் வீழ்ச்சியே உதாரணம். ஒரு காலத்தில் பெங்களூரு வட்டாரம் உள்பட நாடெங்கும் காணப்பட்ட இக்கழுகுகள் 1990-களில் வேகமாக மறையத் தொடங்கின. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் ஆண்டுதோறும் எடுக்கப்பட்ட கணக்கைக் கொண்டே விபு பிரகாஷ் 1999-இல் இந்த வீழ்ச்சியை வெளிப்படுத்தினார். கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோபினாக் என்ற வலி நிவாரணி மருந்தே காரணம் என்பது 2004-இல் ஆய்வுலகில் உறுதியானது. கால்நடைகளுக்கான பயன்பாட்டுக்கு அம்மருந்தை மத்திய அரசு 2006-இல் தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுக் கழுகுகளில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டவை அழிந்துவிட்டன.

பெங்களூரிலிருந்து மைசூரு செல்லும் வழியில், "ஷோலே" திரைப்படம் எடுக்கப்பட்ட ராமநகரத்துப் பாறைக் குன்றுகள் 2012-இல் கழுகுகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு வரவேற்கத்தக்கது. ஆனால் அது வந்தபோது பெரும் இழப்பு ஏற்கெனவே நிகழ்ந்து முடிந்திருந்தது. காரணம் தெரியும் முன்பே எண்ணிக்கையை எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான் காரணத்தைத் தேடவே முடிந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஏரிகளின் கதை

பெங்களூரில் வற்றாத ஆறு கிடையாது. மேட்டு நிலத்தில் அமைந்த இந்நகரத்தின் ஏரிகள், மழைநீரைத் தேக்குவதற்காகக் கெம்பேகவுடர் காலத்திலிருந்தும் அதற்கு முன்னும் பின்னும் மனிதர்கள் வெட்டியவை. ஓர் ஏரி நிறைந்தால் உபரி நீர் ராஜகால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குச் செல்லும். இன்றைய கெம்பேகவுடா பேருந்து நிலையம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. சென்னையின் தியாகராய நகரும் வள்ளுவர் கோட்டமும் ஏரிகளின் மீது எழுந்தவை என்பதை அறிந்த தமிழர்களுக்கு இக்கதை புதிதல்ல.

ஏரிகள் அழிவதைத் தடுக்க வழி காணுமாறு அமைக்கப்பட்ட லட்சுமண ராவ் குழு 1986-இல் அறிக்கை அளித்தது. 2002-இல் ஏரி மேம்பாட்டு ஆணையம் உருவாக்கப்பட்டது. ஆனால், 2000-களின் நடுவில் அந்த ஆணையமே ஹெப்பால், நாகவாரா, அகரா ஏரிகளைப் பராமரிப்பு என்ற பெயரில் தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டது. இவற்றில் ஹெப்பால் ஏரி, குளிர்காலத்தில் வந்திறங்கும் வாத்துகளுக்காகப் பறவை நோக்குவோர் பல ஆண்டுகளாகச் சென்று வந்த இடம். மீனவர்களும், கரையில் புல் அறுப்பவர்களும், மாடு மேய்ப்பவர்களும் தங்கள் பிழைப்புக்கு அந்த ஏரிகளை நம்பியிருந்தனர்.

சுற்றுச்சூழல் ஆதரவுக் குழு என்ற அமைப்பு 2008-இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பொது நல வழக்குத் தொடுத்தது. நீதிபதி என்.கே. பாட்டீல் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, அதன் பரிந்துரைகளை ஏற்று 2012 ஏப்ரலில் நீதிமன்றம் உத்தரவு பிறப்பித்தது. ஏரிகளைக் காக்க மாவட்ட அளவில் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டது. ஏரி என்பது பொதுச் சொத்து. அதில் மீனவருக்கும் பறவைக்கும் சேர்த்தே இடம் உண்டு என்ற கருத்துக்கு அந்த வழக்கு வலுச் சேர்த்தது.

ஆழமான ஏரி நல்ல ஏரியா?

குத்தகை விவகாரத்தைவிட நுட்பமானது, ஏரிகளைச் சீரமைக்கும் முறை பற்றிய கேள்வி. தூர் வாரி, கரைகளைச் செங்குத்தாக உயர்த்தி, சுற்றிலும் நடைபாதை அமைத்து, வேலியிட்டு, விளக்குகள் பொருத்துவதே பல இடங்களில் சீரமைப்பு எனப்பட்டது. பார்வைக்கு இது அழகாகவே இருக்கும். கூடுதல் நீர் தேங்கும் என்பதும் உண்மை.

ஆனால், பறவைகளுக்கு ஏரி என்பது ஒரே நீர்ப்பரப்பு அல்ல. உள்ளான் வகைகள் சில அங்குல நீரும் சேறும் உள்ள ஓரங்களில்தான் இரை தேட முடியும். தட்டைவாயன், நீலச்சிறகி போன்ற வலசை வாத்துகளுக்கு ஆழமில்லாத பகுதி வேண்டும். நாணலும் கோரையும் இல்லாவிட்டால் தாழைக்கோழிக்குக் கூடு கட்ட இடமில்லை. கிண்ணம் போல் குடையப்பட்ட ஏரியில் நீர்க்காகமும் கூழைக்கடாவும் மீன் பிடிக்கும். மற்றவை இறங்காமலேயே போய்விடும். நடுவில் செயற்கைத் தீவு அமைப்பது மரத்தில் கூடு கட்டும் பறவைகளுக்குத்தான் உதவுமே தவிர, சேற்றில் நடக்கும் பறவைகளுக்கு உதவாது.

இங்கேதான் குறிப்பேடு பயன்படுகிறது. சீரமைப்புக்கு முன்னும் பின்னும் ஒரே ஏரியில் எடுக்கப்பட்ட பட்டியல்களை அருகருகே வைத்தால், மொத்த எண்ணிக்கை குறையாதபோதும் எந்த வகைப் பறவைகள் காணாமல் போயின என்பது தெரிந்துவிடும். மேட்டுக் கரையைச் சற்றுச் சரிவாக விடுவதும், ஒரு பக்கத்தை ஆழப்படுத்தாமல் விட்டு வைப்பதும் பெரும் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. திட்டம் தீட்டும்போதே கேட்டிருந்தால் போதும்.

நடைபாதை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. நெரிசல் மிகுந்த நகரில் முதியோர் நடக்கவும் குழந்தைகள் விளையாடவும் இடம் தேவை என்ற அதிகாரிகளின் வாதத்தில் நியாயம் உண்டு. பறவை நோக்குவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்ற விமர்சனமும் முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதல்ல. ஆனால் பறவை தங்கும் ஏரியே நிலத்தடி நீரையும் ஊறச் செய்கிறது, வெள்ளத்தையும் தாங்குகிறது. அதன் அழிவில் முதலில் பாதிக்கப்படுவோர் தாழ்வான பகுதிகளில் வாழும் ஏழைகளே.

தமிழகத்துக்கும் தொடர்புண்டு

பெங்களூரு ஏரிகளின் நிலை கர்நாடகத்தின் உள்விவகாரம் மட்டுமல்ல. நகரின் மேற்குச் சரிவில் விழும் நீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியில் கலக்கிறது. கிழக்குச் சரிவின் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்ந்து, ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. 2015-இல் பெல்லந்தூர் ஏரியின் நுரை சாலைக்கு வந்ததையும், 2017-இலும் 2018-இலும் அந்த ஏரி தீப்பற்றி எரிந்ததையும் நாடே பார்த்தது. கெலவரப்பள்ளியில் பொங்கும் நுரையை ஒசூர் விவசாயிகள் பலமுறை பார்த்துவிட்டனர். 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஏரிகளைச் சீரமைக்க ரூ.500 கோடியைத் தனிக் கணக்கில் ஒதுக்குமாறு கர்நாடக அரசுக்கு உத்தரவிட்டது.

தில்லியில் வகுக்கப்படும் விதிகளும் இதில் முக்கியமானவை. 2010-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகளுக்குப் பதிலாக மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017-இல் புதிய விதிகளைக் கொண்டு வந்தது. குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதரால் அமைக்கப்பட்ட நீர்நிலைகள் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து அவற்றில் விலக்கப்பட்டன. இயற்கை ஏரிகள் அதிகமுள்ள பகுதிகளுக்கு இது சிறிய விலக்காக இருக்கலாம். ஏரிகள் பெரும்பாலும் மனிதர் வெட்டியவையாக உள்ள தென்னிந்தியாவுக்கு இது பெரும் ஓட்டை. இத்தனைக்கும், 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற வேடந்தாங்கல் ஒரு பாசன ஏரியே. மனிதர் வெட்டிய ஏரி ஈரநிலமாகாது என்ற வாதத்துக்கு, அங்கு வந்திறங்கும் பறவைகளே மறுப்பு.

குறிப்பிலிருந்து கொள்கைக்கு

தனித்தனிக் குறிப்பேடுகளில் கிடந்த தகவல்கள் இப்போது பொதுத் தரவுத்தளங்களில் சேர்கின்றன. 2023 ஆகஸ்டில் வெளியான "இந்தியப் பறவைகளின் நிலை" அறிக்கை, சுமார் 30 ஆயிரம் பறவை நோக்குவோர் அளித்த 3 கோடிப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டது. 942 பறவை இனங்கள் அதில் மதிப்பிடப்பட்டன. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 குறைந்துள்ளன, 98 நிலையாக உள்ளன, 36 பெருகியுள்ளன. 178 இனங்களுக்கு உயர் முன்னுரிமையுடன் பாதுகாப்புத் தேவை என்று அறிக்கை கூறுகிறது.

பறவை பார்ப்போர் பெருகினால் எண்ணிக்கையும் தானாகப் பெருகாதா என்ற ஐயம் எழலாம். அதனால்தான் எத்தனை பறவைகள் என்பதைவிட, எடுக்கப்பட்ட பட்டியல்களில் எத்தனை சதவீதத்தில் ஒரு பறவை இடம்பெறுகிறது என்பது கணக்கிடப்படுகிறது. பார்த்த அனைத்தையும் எழுதிய முழுப் பட்டியலுக்கு இங்கு மதிப்பு அதிகம். அபூர்வப் பறவையை மட்டும் எழுதிவிட்டு, காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டால் கணக்குத் தவறிவிடும்.

சிட்டுக்குருவி பற்றிய விவாதத்தில் இம்முறை தெளிவு தந்தது. நாடு முழுவதும் சிட்டுக்குருவி அழிந்து வருவதாகப் பரவலாக நம்பப்படுகிறது. ஆனால், கடந்த 25 ஆண்டுகளில் நாட்டளவில் அது பெருமளவு நிலையாகவே உள்ளதாகவும், பெங்களூரு, சென்னை, தில்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் குறைந்துள்ளதாகவும் 2020-ஆம் ஆண்டின் அறிக்கை தெரிவித்தது. சிக்கல் எங்குள்ளது என்பதைச் சரியாகச் சுட்டினால்தான் தீர்வையும் சரியாகத் தேட முடியும். தமிழகத்தில் 2015 முதல் நடைபெற்று வரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இவ்வகை முயற்சியே.

பூங்காவுக்கும் பாதுகாப்பில்லை

1760-இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக்குக்கு, பூங்காக்களைக் காக்க 1975-இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. எனினும், மெட்ரோ ரயில் பாதைக்காக அச்சட்டமே திருத்தப்பட்டு, 2009-இல் பூங்காவின் ஒரு விளிம்பில் மரங்கள் வெட்டப்பட்டன. அன்று பொதுமக்கள் வீதிக்கு வந்து போராடினர். ஹெப்பாலிலிருந்து சில்க் போர்டு சந்திப்பு வரையிலான சுரங்கச் சாலைத் திட்டத்தில் லால்பாக் நிலமும் இடம்பெற்றதை எதிர்த்து 2025-இல் மீண்டும் போராட்டம் எழுந்தது. இரண்டு சந்தர்ப்பங்களிலும் எழுந்த கேள்வி ஒன்றே: போக்குவரத்து நெரிசலுக்குத் தீர்வு காண, ஈடு செய்ய முடியாத ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா?

2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டு, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். அப்பதிவேடு கோப்பில் உறங்கும் சடங்காக முடியாமலிருக்க, ஏரிக்கரைகளில் ஆண்டுக்கணக்கில் நடந்தவர்களின் குறிப்புகள் அதில் இடம்பெற வேண்டும். ஏரியைச் சீரமைக்க ஒப்பந்தம் கோரும் முன்பு அந்தப் பட்டியலைப் பார்ப்பதும், பணி முடிந்த பின் மீண்டும் கணக்கெடுத்து வெளியிடுவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் மனம் இருந்தால் போதும்.

ஏப்ரல் இறுதியில் வலசைப் பறவைகள் பெரும்பாலும் புறப்பட்டுவிடும். செப்டம்பரில் முதல் வாலாட்டி திரும்பி வரும்போது, அது சென்ற ஆண்டு இறங்கிய கரை அப்படியே இருக்கிறதா என்பதைச் சொல்லப் போவது, ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அதைப் பார்த்து எழுதி வைக்கும் ஒரு குடிமகனின் குறிப்பேடுதான்.